பிளாஸ்மா இளகும் நேரம்

மணி பத்தா பதினொன்றா என்று அண்ணனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சன்னல் வெயில் மட்டும் நினைவிருக்கிறது. இரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்ததில் மஞ்சள் கல்லாக இறுகிய பிளாஸ்மா பை, கிண்ணத்து வெதுவெதுப்பான நீரில் மெல்ல இளகுகிறது. பிரசவ அறைக்குள்ளே, பிள்ளை பெற்ற தங்கைக்கு இரத்தம் நிற்கவில்லை. அவள் இரத்த வகைக்கு இருப்பது இந்த ஒரு பைதான். "அரை மணி நேரமாகும்ணே, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போகிறாள். டீ மாஸ்டரான அண்ணனுக்குக் கை பரபரக்கிறது. பிளாஸ்க்கிலிருந்த கொதிநீரைக் கிண்ணத்தில் ஊற்றிவிடுகிறார். பை சட்டென்று இளக, அவர் முகம் மலர்கிறது. பிறகு அந்தத் தெளிந்த மஞ்சளுக்குள் வெந்த முட்டைவெள்ளைபோலத் திரிதிரியாக ஏதோ மிதக்கிறது. திரும்பி வந்த நர்ஸ் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்.

"என்னண்ணே, டீயா போட்டீங்க? ரத்தத்தை நிறுத்துற சத்தே இதுலதாண்ணே இருக்கு. எல்லாம் வெந்துபோச்சு."

"சீக்கிரம் ஆகட்டும்னுதாம்மா..."

தங்கை மதியமே போய்விட்டாள். அடுத்த பை சாயங்காலம் வந்தது. குழந்தை அப்பாவோடு வேறு ஊருக்குப் போனது. கொதிநீர் ஊற்றியதை நர்ஸ் யாரிடமும் சொல்லவில்லை; அண்ணனாலும் சொல்ல முடியவில்லை.