மைப்புள்ளியின் சாட்சி

புற்றுநோய்க் கட்டியைச் சுடும் கதிர்வீச்சு மெஷினுக்குத் தன் குறி மேல் அசாத்திய நம்பிக்கை. மேசையில் படுத்திருந்த சவரிமுத்துவின் அடிவயிற்றில், முதல் நாள் குத்திய மைப்புள்ளிதான் அதற்கு அடையாளம்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க," என்றது உள்ளிருந்த மூத்திரப்பை. "நான் நெறஞ்சு இருக்கணும்னு தண்ணியக் குடிக்கச் சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் வரிசையில உக்கார வச்சுட்டாங்க. இவரு அடக்க முடியாம ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டாரு. நான் சுருங்கிட்டேன். கட்டியும் என்கூடவே கீழ எறங்கிருச்சு. என் இடத்துல இப்பக் குடல் கெடக்கு. ஒரு தடவை உள்ள பாத்துட்டுச் சுடுங்க."

"தினமும் பார்க்க நேரமில்லை. முதல் நாள் படம் இருக்கிறது," என்ற மெஷின், புள்ளியிடம் கேட்டது: "நீ நகர்ந்தாயா?"

"இம்மிகூட இல்லைங்க," என்றது புள்ளி.

மெஷின் சுட்டது. குடல் வெந்தது. மறுநாளும் அதே வரிசை, அதே கேள்வி, அதே பதில்.

முப்பது நாள் கழித்துப் பார்த்தபோது கட்டியில் பாதி அப்படியே இருந்தது. குடல் புண்ணாகிக் கிடந்தது. மெஷின் அறிக்கை எழுதியது:

"குறி ஒரு நாளும் தப்பவில்லை. நோயாளி ஒத்துழைக்கவில்லை."

கீழே சாட்சிக் கையெழுத்து இருந்தது. ஒரே ஒரு புள்ளி.