வாசனைக்குப் பொறுப்பு தம்பி

"டேய், ஊத்திட்டியா? சோப்பு மேல ஏடு கட்டுறதுக்குள்ள தட்டைக் கொண்டு வாடா, இதழ் ஒட்டணும்!"

கூடத்திலிருந்து அக்கா போட்ட சத்தத்துக்கு, சமையலறையிலிருந்து தம்பி பதில் கொடுத்தான்.

"வந்துட்டேன், வந்துட்டேன்! ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியே!"

பன்னிரண்டு அச்சுகளிலும் உருகிய சோப்பை ஊற்றி முடித்து, தட்டை ஏந்திக்கொண்டு ஓடினான்.

நாலு மணிக்குக் கடைக்காரம்மா வருகிறார். சோப்பு அவருக்குப் பிடித்துவிட்டால் மாதம் முந்நூறு கட்டிக்கு ஆர்டர், கடை வாசலில் கண்ணாடி அலமாரியில் தனி இடம். காலையிலிருந்து அக்காவின் கால் தரையில் பாவவில்லை.

"ரோஜா வாசனை தூக்கலா இருக்கா?"

"தெருவையே தூக்குது."

பச்சைப் பொய். நேற்றிலிருந்து அவனுக்கு ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. சொன்னால் அக்கா பதறிவிடுவாள் என்று தும்மலைக்கூடத் துண்டுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு அவன் எலெக்ட்ரீஷியன். இந்த வீட்டுக்கு மூக்கு. இரண்டு வருடமாக இப்படித்தான். நிறமும் அலங்காரமும் அக்கா, வாசனை தம்பி. "மூக்கை மட்டும் குடு, வாயை நீயே வச்சுக்கோ" என்பாள்.

காலையில் வாசனை எண்ணெய்க் குப்பிகளைக் கழுவியபோது ரோஜா, எலுமிச்சைப்புல் இரண்டின் பெயர்ச் சீட்டுகளும் கழன்று வந்துவிட்டன. முகர்ந்து பார்த்தான். இரண்டும் ஒன்றுதான், வெறும் காற்று. கடவுள் மேல் பாரத்தைப் போட்டு ஒட்டிவிட்டான். 'ரோஜா' என்று அவன் ஒட்டியதைத்தான் இப்போது தாராளமாகக் கலந்திருந்தான்.

அக்கா பல்குச்சி நுனியில் இளஞ்சிவப்பு இதழ்களை எடுத்து எடுத்து சோப்பின் மேல் பதித்தாள். சோப்பிலேயே சீவிய மெல்லிய இதழ்கள். ஐந்து வைத்தால் மொட்டு, பத்து வைத்தால் பூ. பன்னிரண்டும் மலர்ந்தபோது தம்பியே வாயைப் பிளந்தான்.

"அக்கா, வண்டு வந்து உட்காரப் போகுது பாரு!"

"ஐஸ் வைக்காதே" என்று சிரித்தபடி கடைசி இதழை அழுத்தக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடா இது?"

"என்னக்கா?"

"எலுமிச்சைப்புல்!"

"சேச்சே, ரோஜாதான்! வேணும்னா பாட்டிலைப் பாரு, ரோஜான்னு போட்டிருக்கு!"

"பாட்டில்ல என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? இது எலுமிச்சைப்புல்லுடா! ஆமா, உன் குரல் ஏன் கட்டியிருக்கு? ஜலதோஷமா? அடப்பாவி, இன்னிக்குப் பார்த்தா மறைப்ப? பார்த்தா ரோஜா, மோந்தா எலுமிச்சை! அந்தம்மா சிரிக்க மாட்டாங்க?"

வாசலில் அழைப்பு மணி அடித்தது.

"ஐயோ, வந்துட்டாங்க! எல்லாம் போச்சு!" அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பிப் பார்த்தால், தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பென்றால் சிரிப்பு, கண்ணில் நீர் வழிய ஒரு சிரிப்பு. அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பைத்தியம் பிடிச்சிருச்சாடா? ஆர்டர் போகப் போகுது, ஆடுறியே!"

"போனா போகட்டும்க்கா! ரெண்டு வருஷமா மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாம இருந்தியே... அந்தக் காய்ச்சல் கொண்டுபோன உன் மூக்கு திரும்பி வந்திருச்சுக்கா!"