புல்லுக்குள் கிடந்த குட்டி

ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ் காட்டோரத்தில் தனியே கிடந்த மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் பூமணி.

“உடனை கொண்டுபோய் விடுங்கோ, அம்மா!” என்று கத்தினாள் மகள் சோபிகா.

“பெத்ததை விட்டிட்டு ஓடின தாய் திரும்பி வருமே?”

“வரும். குட்டியைப் புல்லுக்குள்ளை ஒளிச்சுவைச்சிட்டு, தாய் தூரத்திலைதான் மேயும். கிட்ட நிண்டால் நரி கண்டுபிடிச்சிடும்.”

“பாசமுள்ளவள் தனிய விடமாட்டாள்!” பூமணியும் கத்தினாள்.

சோபிகாவின் முகம் சிவந்தது. “என்னைப் பெத்தவவும் சண்டைக்காலத்துச் செல்லடிக்குப் பயந்துதான் உங்களோடை அனுப்பினவ. சண்டை ஓய்ஞ்சு யாழ்ப்பாணப் பாதை திறந்த உடனை என்னைத் தேடி ஒஸ்லோவுக்கு வந்தவ. நேற்று அவவின்ரை முகத்திலை கதவைச் சாத்தினது நீங்கள்!”

பூமணி குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். குட்டியை எடுத்த இடத்திலேயே கிடத்திவிட்டுத் திரும்பினாள். கோபம் இன்னும் தணியவில்லை.

“ஆர் வீட்டிலை நிக்கிறா அவ?” என்றாள். “போய்க் கூட்டிக்கொண்டு வா.”