தேன் நிறம் திரும்பும் வரை

அக்காவின் விலையுயர்ந்த தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கேட்காமல் எடுத்துப் போனதற்குப் பரிகாரமாகத்தான் அதைத் துடைத்து, தோலுக்கான கிரீமைத் தடவினாள். அடியில் கொஞ்சம் தடவிப் பார்த்திருக்கலாம். ஆர்வக்கோளாறு, எடுத்த எடுப்பிலேயே பையின் மேல்மூடி முழுவதும் அப்பிவிட்டாள். தேன் நிறத் தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்கு இருண்டு கிடக்கிறது. பித்தளைக் கொக்கியில் பட்ட வெயில் கூரையில் ஒரு பொட்டாக நடுங்குகிறது. வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வந்த அக்கா பையைப் பார்க்கிறாள், கிரீம் டப்பாவைப் பார்க்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து மூடியின் ஓரத்தை விரல் நுனியால் தொடுகிறாள். "மூச்சு விடுடி. காஞ்சா பழைய நிறம் வந்துடும். இங்க பாரு, வர ஆரம்பிச்சிடுச்சு." தையலை ஒட்டி மெல்லிய தேன் கோடு ஒன்று தெரிகிறது. தங்கைக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. "உனக்கு எப்படிக்கா தெரியும்?" அக்கா சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். "அம்மாவோட பையில நானும் இதையேதான் பண்ணேன். அவங்களுக்கு இன்னும் தெரியாது."