இருபதடி

சிமென்ட் கடைக்காரர் காலை வெயிலில் கைகட்டிக் கடை வாசலில் நிற்கிறார். சைக்கிளுக்கென்று தெரு ஓரமாய்ப் போட்ட பச்சைப் பாதை அவர் கடைக்கு முன்னால் மட்டும் இருபதடி அறுந்து கிடக்கிறது. லாரி நிற்க இடம் வேண்டும் என்று பக்கத்துக் கடைகளில் கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸாய் ஏறி இறங்கி, அந்த இருபதடியைப் போடவிடாமல் நிறுத்தியவர் அவர்தான். போன மாதம் அந்த இடத்தில் சைக்கிளோடு நடுரோட்டுக்கு விலகிய அவர் தங்கை புருஷனை ஒரு வேன் அடித்துவிட்டது. இன்று ஆட்கள் வந்து அந்த இடத்துக்கும் பச்சை பூசுகிறார்கள். பெயின்ட் உருளை சளக் சளக்கென்று ஓடுகிறது. இருபுறமும் பழைய பச்சை வெளுத்திருக்க, புதுசு கண்ணைக் குத்துகிறது. அவருக்குப் பின்னால், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருக்கும் தங்கை புருஷன் சிரிக்கிறார்.

"என்ன மச்சான், இனிமே லாரியை உங்க தலைமேலயா நிறுத்துவீங்க?"

"வாயை மூடு மாப்ளே. கட்டைப் பிரிச்சதும் இதுல நீதான் முதல்ல ஓட்டணும்."

சிரிப்பு நின்றுபோகிறது. "முட்டி இனி மடங்காதாம். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க தினம் வந்து காலைப் பாத்துப் பாத்துட்டுப் போறீங்க. எப்படி மச்சான் சொல்றது?"

கடைக்காரர் திரும்பவில்லை. பெயின்ட் அடிப்பவரிடம், "எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்கிறார்.

"இது அரை மணி நேர வேலைங்க."