பயன்படாத பதிவுகள்

மருத்துவமனை மென்பொருளில் எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஏஐ ஏஜென்டுக்குப் புரியும்படி எழுதுவது ஹெலனின் வேலை. ஒரு கருவிக்கு, 'பயன்படாத பதிவுகளை நீக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதை நம்பி, போன வாரம் டயாலிசிசுக்கு வராதவர்களின் பெயர்களையெல்லாம் ஏஜென்ட் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மனைவியை அடக்கம் செய்ததால் அன்று வராத சவரிமுத்து, இன்று வீங்கிய கால்களோடு கீழே காத்திருந்தார்.

"ஏஐ செஞ்ச தப்பு. அவரைப் பாக்க நீங்க எதுக்குப் போறீங்க?" என்றார் மேலாளர்.

அவள் வரியைத் திருத்தினாள்: 'ஒருமுறை வராதவரை நீக்கக் கூடாது. அழைத்துக் கேட்க வேண்டும்.' அன்றே நாலு மணி டயாலிசிசில் அவருக்கு ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அலுப்போடு படியிறங்கினாள்.

"எம்பேர அடிச்சது யாரும்மா?"

"நான்தாங்கய்யா."

பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு அவள் உட்காரட்டும் என்று பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.