வலையோரம் விழுந்த பந்து

மூன்றாவது செட்டில்தான் அவளுக்கு உறைத்தது.

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பைலின் ஒரு பந்தைக்கூட வலையோரம் போடவில்லை.

பந்துகள் எல்லாம் ஆழமாக, எடுக்கத் தோதாக, கைக்கே வந்துகொண்டிருந்தன. இடம். வலம். மறுபடி இடம். நொந்தபுரியின் ஏப்ரல் வெயில் தரையிலிருந்து எழும்பிக் கணுக்காலைச் சுட்டது. அவள் கோட்டின் மேல் நின்றபடியே அடித்துக்கொண்டிருந்தாள்.

வேகமாக அடிப்பதுபோல் காட்டி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்தி, வலையைத் தாண்டியதும் பந்தைச் செத்து விழவைப்பாள் பைலின். அந்த ட்ராப் ஷாட்டைப் பார்க்கவென்றே ஆள் வருவார்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஏழு வருடம் அவளோடு ஒரே பக்கம் நின்றவளுக்கு அது தெரியாதா? அந்தப் பந்துக்கு முன்னால் பைலினின் இடது தோள் லேசாக இறங்கும் என்பதுவரை தெரியும்.

இன்று ஒரே ஒருமுறை தோள் இறங்கியது. பிறகு என்ன நினைத்தாளோ, பந்தை ஓங்கி அடித்தாள். அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

பாயிண்ட் இவளுக்கு. கூட்டம் கைதட்டியது.

அவள் குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்தாள்.

முழங்காலைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பயிற்சியாளரிடம் இல்லை. அம்மாவிடம் இல்லை. ஆட்டம் இல்லாத ஒரு வாரத்தில் தனியாகப் போய்ப் பார்த்த டாக்டர், "இன்னொரு தடவை திருகிச்சுன்னா டென்னிஸை விடுங்க, நடக்கறதே கஷ்டம்" என்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பயிற்சிக்குத்தான் போனாள்.

முப்பத்திரண்டு வயது. தாஷ்கண்டின் குளிரிலும் புனேயின் புழுதியிலும், பார்க்க ஆளில்லாத கோர்ட்டுகளில் ஆடி ஆடி வந்த வயது. இதில் ஜெயித்தால் பெரிய போட்டியொன்றின் தகுதிச் சுற்றில் இடம் கிடைக்கும். தோற்றால் அடுத்த வருடம் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

பைலினுக்கும் அதே இடம்தான் வேண்டும். அவளுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.

பக்கம் மாறும் நேரம். வலைக்கம்பத்தருகே பைலின் எதிரே வந்தாள். ஈரத் துண்டு கழுத்தில். கண் தரையில்.

"ட்ராப் ஷாட் எங்கடி போச்சு?"

பைலின் நிமிரவில்லை.

"காலைல ஹோட்டல் படியில பின்பக்கமா இறங்குனீங்க, பீ."

பீ என்றால் அவர்கள் ஊரில் அக்கா. உடன்பிறக்காதவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

யாருமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்குவதுபோல, ஒவ்வொரு படியாக.

"இறங்குனா என்ன?"

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"ஆகட்டும். நான் இங்க பிச்சைக்கு வரல, பைலின். ஒழுங்கா ஆடு."

குரல் உயர்ந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருந்த நடுவர் குனிந்து பார்த்தார். இருவரும் நடந்தார்கள்.

அடுத்த கேமில் தோள் இறங்கியது.

ஓடினாள்.

எத்தனை நாளாயிற்று இப்படி ஓடி! பந்து இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் மட்டையை நீட்டிவிட்டாள். பந்து வலையின் மேல்விளிம்பில் உரசி, ஒரு கணம் யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

திரும்ப முயன்றபோதுதான் வலது கால் திரும்ப மறுத்தது.

நொண்டாமல் நடந்து கோட்டுக்குத் திரும்பினாள். அதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு பைலின் ஒழுங்காக ஆடினாள். ஆழமாக ஒன்று, வலையோரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓடினாள். சிலது எட்டியது. பலது எட்டவில்லை. பைலின் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மேட்ச் பாயிண்ட் பைலினுக்கு.

நீளமாகப் போன ஆட்டம். யாரும் மூச்சு விடவில்லை.

தோள் இறங்கியது. அவள் பார்த்தாள். அங்கிருந்த யாருக்கும் முன்பாக அவள்தான் பார்த்தாள்.

பந்து மெதுவாக வலையைத் தாண்டியது. ஒருமுறை எழும்பியது.

இன்னொரு முறை.

பிறகு உருண்டது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

கை குலுக்க வந்த பைலின் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கேமராக்கள் நெருங்கின. கைதட்டல் ஓயவில்லை. அவள் பைலினின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்த கையாலேயே அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேட்டிக்கு இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். முதல் கேள்வி ஜெயித்தவளுக்கு. பைலின் ஏதோ சொன்னாள். இரண்டாவது கேள்வி இவளுக்கு.

"கடைசிப் பந்துக்கு நீங்க ஓடவே இல்லையே, ஏன்?"

பைலின் குனிந்துகொண்டாள்.

அவள் மைக்கின் பக்கம் சாய்ந்தாள்.

"வெளிய போயிடும்னு நெனச்சேன்."

வலையிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி விழுந்த பந்து.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேட்டவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மேசைக்கடியில் பைலினின் கை அவள் கையைத் தேடி வந்தது.

கொடுக்க அவளிடம் கை இல்லை. இரண்டும் முழங்காலைப் பிடித்திருந்தன.